கருவி முந்திற்று, காவல் பிந்திற்று
தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கணினிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வியின் வரலாறு ஒரு வகையில் கருவிகளின் வரலாறே ஆகும். மணலில் விரலால் எழுதிய காலம் ஒன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறிய காலம் ஒன்று. மக்தபில் மரப்பலகையில் எழுதி, ஓதி மனனம் செய்து, பின் கழுவித் துடைத்து மறுநாள் பாடத்தை எழுதிய காலம் ஒன்று. அதன் பின் அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் வந்தன. இவையனைத்தும் ஆசிரியரின் கையைக் கடந்தே குழந்தையின் கைக்கு வந்தன. எழுத்தாணியைப் பிடிக்கும் முறையை உபாத்தியாயர் காட்டிக் கொடுத்தார். பலகையைத் தரையில் போடலாகாது, காலில் படும்படி வைக்கலாகாது என்று உஸ்தாது சொல்லிக் கொடுத்தார். கருவியோடு அதைக் கையாளும் ஒழுங்கும் சேர்ந்தே வந்தது.

இந்த வரிசை நம் காலத்தில் மாறிவிட்டது. கணினியும் அதன் வழித்தோன்றலாகிய திறன்பேசியும் ஆசிரியருக்காகக் காத்திருக்கவில்லை. ஒழுங்கு வகுக்கப்படுமுன் கருவி பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் உள்ள ராசிங்காபுரத்தையும், மேற்கு மலைச் சரிவை அண்டி வாழும் அதன் சுற்றூர்களையும் எண்ணிப் பாருங்கள். பொழுது புலருமுன் ஜீப்புகளில் நெருக்கி ஏறி, மலைக்கு மேலுள்ள ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், அந்தி சாயும் வேளையில் இறங்கி வரும் மக்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். பெற்றோர் மலையில் இருக்க, பள்ளி விட்டு வரும் பிள்ளை பாட்டியின் துணையில் வீட்டில் இருக்கிறது. பொழுதுபோக்குக்கும் பாடத்துக்கும் அதன் கையில் இருப்பது திறன்பேசி. இந்தப் பிள்ளைக்கு அந்தக் கருவியைப் பற்றி யார், எந்த வயதில், எதைச் சொல்லித் தந்தார்கள்? இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு வரலாற்றின் சில ஏடுகளை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

கணக்கில் பிறந்த கருவி

கணினி என்றவுடன் அது முற்றிலும் அயலான பொருள் என்று நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கின்றனர். அதன் வேர் நமக்கு அந்நியமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி என்னும் கணித அறிஞர், இந்தியாவின் எண் முறையை அரபு மொழியில் விளக்கி எழுதினார். அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்றபோது, அவருடைய பெயரே திரிந்து 'அல்காரிதம்' என்றாயிற்று. ஒரு வேலையை முடிக்க வேண்டிய படிகளை முறை பிறழாமல் வரிசைப்படுத்தும் நெறிக்கு இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் அதுதான். கணினியை இன்றைய அரபியர் 'ஹாசூப்' என்கின்றனர்; அது 'ஹிஸாப்', அதாவது கணக்கு என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. தமிழிலும் கணி என்னும் வேரிலிருந்தே கணினி பிறந்தது. இரு மொழிகளும் இக்கருவியை ஒரே கண்கொண்டு பார்த்திருப்பது சிந்தைக்கு இனிய செய்தி.

மணலில் எழுதிய பிள்ளைகள்

1789ஆம் ஆண்டு சென்னையில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் இல்லம் ஒன்றுக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் போதகர், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தம் இல்லத்தில் அமைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. பிள்ளையிடமிருந்து பிள்ளை விரைவில் கற்கும் என்பதே அம்முறையின் அடிப்படை.

கணினி வந்தபோதும் அறிஞர்கள் இவ்வுண்மையையே மறுபடியும் கண்டனர். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் முதலானோர் குழந்தைகளுக்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். பிள்ளை கட்டளையிட, ஆமை ஒன்று நகர்ந்து கோடு வரையும். கணினி பிள்ளைக்குக் கட்டளையிடலாகாது, பிள்ளையே கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. 1999ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்பார் குடிசைப் பகுதியை நோக்கிய சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பொருத்தி வைத்தார். ஆசிரியர் எவரும் இல்லை. அப்பகுதிச் சிறுவர்கள் தாமே கூடி, ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுத்து, அதை இயக்கக் கற்றுக் கொண்டனர். 'சுவரில் ஒரு துளை' எனப் புகழ்பெற்ற ஆய்வு இதுவே.

இவ்வாய்வைக் கண்டு வியந்த பலர், கணினிக்கு ஆசிரியர் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தனர். நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு. கருவியை இயக்கும் வித்தையைக் குழந்தை தானே கற்றுக் கொள்ளும். தன்னைக் காத்துக் கொள்ளும் வித்தையைத் தானே கற்றுக் கொள்ளாது. எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் என்று ஏழு வயதுச் சிறுவன் தன் தோழனுக்குக் காட்டுவான். முகமறியாத ஒருவன் இனிக்கப் பேசினால் அவன் யார் என்று ஐயுற வேண்டும் என்பதை அவன் தோழனுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டான். அதைச் சொல்ல ஆயுளில் அடிபட்ட பெரியவர் ஒருவர் வேண்டும். ஆகவே ஆசிரியரின் பணி குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மேல் வகுப்பில் தொடங்கிய பாடம்

நம் நாட்டுப் பள்ளிகளில் கணினி அடியெடுத்து வைத்தது 1984ஆம் ஆண்டு. மைய அரசு 'கிளாஸ்' என்னும் பெயரில் தொடங்கிய திட்டத்தின் கீழ், சுமார் 250 பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் சிறு கணினிகள் வழங்கப்பட்டன. அவை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளே. தமிழகத்தில் 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, பள்ளிகளில் அதைப் பெற்றவர்கள் மேல்நிலை மாணவர்கள். 2018ஆம் ஆண்டு புதிய பாடநூல்கள் வந்தபோது, ஆறாம் வகுப்பு அறிவியலில் கணினி ஓர் அறிமுகமாக இடம் பெற்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நிரல் எழுதும் பயிற்சியை நடுநிலை வகுப்புகளிலேயே வைத்தது. கணினி என்பது பெரிய பிள்ளைகளின் பாடம் என்ற எண்ணம் இவ்வாறு முப்பத்தாறு ஆண்டுக் காலம் நிலைபெற்று வந்தது.

அந்த எண்ணத்தைப் பெருந்தொற்று உடைத்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஏறத்தாழ 19 மாதங்களில் கல்வித் தொலைக்காட்சி ஒரு புறமும் திறன்பேசி மறுபுறமும் வகுப்பறையின் இடத்தைப் பிடித்தன. தகப்பனாரின் கைப்பேசி பிள்ளையின் பாடப் புத்தகமாயிற்று. பாடத்துக்காக வந்த அக்கருவி, பாடம் முடிந்தபின் பிள்ளையை விட்டுப் போகவில்லை. ஆறாம் வகுப்பில் கணினியை அறிமுகப்படுத்தக் காத்திருந்த பாடநூலுக்கு முன்பே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இணையத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பின்னர் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டது நன்முயற்சியே. எனினும் சுவரில் திரை பொருத்துவது ஒரு வேலை. அத்திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பது வேறு வேலை.

மலைக்கு இப்பாலும் அப்பாலும்

போடி வட்டாரத்துக்குக் கணினி புதிதன்று. ஏலக்காய் வணிகத்தின் வழியே அது முன்னரே இங்கு வந்துவிட்டது. வியாபாரிகள் கூடியிருந்து வாய்மொழியாக விலை கூவிய பழைய முறை மாறி, 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைப் போடியில் கொண்டு வந்தது. கணினித் திரையில் விலை ஏற, பொத்தானை அழுத்திக் கேட்கும் முறை அது. காயின் தரத்தைக் கையால் உருட்டிப் பார்த்து அறியும் பழைய வணிகர்களும் திரையைப் படிக்கப் பழகினர். ஆனால் அங்கே யார் விற்கிறார், யார் வாங்குகிறார், எது உறுதியான விலை என்பதற்கெல்லாம் முன்கூட்டியே விதி வகுக்கப்பட்டிருந்தது. பெரியவர்களின் பணத்துக்கு வகுத்த விதியளவு, சிறுவர்களின் மனத்துக்கு வகுக்கப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 2015 ஜனவரியில், தேசியக் கண்ணாடி இழை வலைப்பின்னலில் முழுமையாக இணைந்த நாட்டின் முதல் மாவட்டம் என இடுக்கி அறிவிக்கப்பட்டது. கேரளம் 2001இலேயே பள்ளிகளுக்கெனத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருள்களைக் கைக்கொண்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கென 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி, என்ற பெயரில் பாடநூலும் வெளியிட்டது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் அமைத்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வழிகாட்டும் பழைய திண்ணை முறையின் சாயலை இம்மன்றங்களில் காணலாம்.

மலை ஒன்றே; ஏலக்காயும் ஒன்றே; காலையில் ஏறி மாலையில் இறங்கும் மக்களும் அவர்களே. அப்பால் நடந்த நல்லதை இப்பால் உள்ளோர் அறிந்து கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை.

செய்தியின் சங்கிலி

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் வழியே, கோயிலுக்குச் செல்ல வந்த சென்னைக் குடும்பத்தினர் சிலர் சென்றனர். அவர்களுள் ஒருவரான மூதாட்டி வழியில் கண்ட சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்று கைப்பேசிகளில் பரவிய பொய்ச் செய்தியை நம்பியிருந்த மக்கள் அவர்களை அடித்தனர், அம்மூதாட்டி உயிரிழந்தார். அடித்தவர்கள் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணிக் கொண்டார்கள். சரிபார்க்கப்படாத ஒரு செய்தி ஒரு குற்றமற்ற உயிரைக் கொண்டு போயிற்று.

அதற்கு முந்திய 2017ஆம் ஆண்டில், தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசியைப் பற்றி இவ்வாறே வதந்திகள் பரவின. கேரளத்தின் கண்ணூரில் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினர். அம்மாவட்ட ஆட்சியராக இருந்த மீர் முகமது அலி, நோயின் மூலம் ஊசியில் இல்லை, செய்தியில் இருக்கிறது என்று கண்டார். 2018இல் அம்மாவட்டத்தின் 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகள் 'சத்தியமேவ ஜெயதே' என்ற பெயரில் நடந்தன. 2022இல் அப்பெயரிலேயே மாநிலம் முழுவதும் உயர் தொடக்க, உயர்நிலை வகுப்புகளில் இப்பயிற்சி விரிவடைந்து, 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தது.

நேயர்களே! இக்கல்வி நமக்குப் புதிதா? யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்த மரபு நம்முடையது. முஹத்திஸ்கள் இதை 'இஸ்னாத்' என்றனர். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையையும் நாணயத்தையும் ஆராய்வதற்கென்றே 'அஸ்மாவுர் ரிஜால்' என்னும் தனித் துறையை வளர்த்தனர். ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக மாதக்கணக்கில் பயணம் செய்த அறிஞர்களின் வழிவந்தோர், கைப்பேசியில் வந்த ஒன்றைக் கண்மூடித்தனமாகப் பத்துப் பேருக்கு அனுப்புவது தகுமா? 'இதை யார் சொன்னது?' என்ற ஒரே கேள்வியை மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளையின் நாவில் பழக்கிவிட்டால், இணையக் கல்வியின் பாதியைக் கொடுத்தவர்களாவோம்.

வாசலில் நின்று கேட்டல்

மற்றைய பாதி, தன் வீட்டையும் பிறர் வீட்டையும் காத்தல். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல், ஐந்து வயதுப் பிள்ளைக்கே கணினிக் கல்வி பாடத்திட்டத்தில் இடம் பெற்றது. அங்கே நிரல் எழுதும் பயிற்சியோடு, தன்னைப் பற்றிய விவரங்களைக் காத்துக் கொள்ளுதல், ஏதேனும் கவலை தந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என அறிதல் ஆகிய இரண்டும் தொடக்க நிலையிலேயே சேர்க்கப்பட்டன. கருவியையும் காவலையும் ஒருங்கே கற்பித்ததுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

நம் இல்லங்களில் இதைக் கற்பிக்கச் சொற்கள் ஏற்கனவே இருக்கின்றன. அயலார் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லித்தானே வளர்க்கிறோம்? பிறருடைய படத்தை எடுக்குமுன் அவரைக் கேள், எடுத்ததை அனுப்புமுன் மறுபடியும் கேள் என்பது அவ்வொழுக்கத்தின் நீட்சியே. கடவுச்சொல் என்பது வீட்டுச் சாவி; அதை உற்ற தோழனுக்கும் கொடுப்பதில்லை. பெயர், ஊர், பள்ளி, வீட்டில் பெரியவர் இல்லாத நேரம் ஆகியவை தெருவில் நின்று கூவிச் சொல்லும் செய்திகளல்ல. இவ்வாறு சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியாமல் போகாது.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2012 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், தகாத நோக்கத்தோடு மின்னணு வழியாகக் குழந்தையைத் தொடர்வதையும் குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆயினும் சட்டம் தீங்கு நேர்ந்தபின் வருவது. முன்னதாக வர வேண்டியது கல்வி.

அஞ்சாமல் சொல்லும் பிள்ளை

இங்கே பெற்றோருக்கு ஒன்றை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இணையத்தில் அருவருப்பான அல்லது அச்சமூட்டும் ஒன்றைக் கண்ட பிள்ளை, பெரும்பாலும் அதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும், கைப்பேசி பறிபோகும், குடும்ப மானம் போய்விட்டதென்று ஏசுவார்கள் என்று அஞ்சுகிறது. தீயவன் நம்புவதும் இந்த அச்சத்தைத்தான். 'வீட்டில் சொல்லாதே' என்பதே அவன் முதல் மந்திரம். பெண் பிள்ளையாயின் இந்த அச்சம் இருமடங்கு. ஆகவே காவலின் முதற்படி பிள்ளையின் மேல் கண் வைப்பதன்று; பிள்ளை வந்து சொல்லும்போது செவி கொடுப்பது. 'நீ சொன்னது நல்லது. இது உன் குற்றமன்று' என்ற வார்த்தை எந்தப் பூட்டையும் விட வலிமையானது.

வீட்டுக்கு வெளியே உதவி வேண்டுமானால், 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்னும் எண் இருக்கிறது. இவ்விரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பது நன்று.

புளியங்கொட்டையில் கணினி

பள்ளியில் கணினி இல்லையே, எப்படிக் கற்பிப்பது என்று கேட்கும் ஆசிரியர்களும் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த டிம் பெல் முதலான பேராசிரியர்கள் 1990களில், கணினியே இல்லாமல் கணினி அறிவியலைக் கற்பிக்கும் வழிகளைத் தொகுத்தனர். அவர்கள் அட்டைகளில் புள்ளியிட்டுச் செய்ததை நம் ஊரில் புளியங்கொட்டை கொண்டு செய்யலாம். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முறையே 16, 8, 4, 2, 1 என்று கொட்டைகளைக் கொடுங்கள். கையை நீட்டினால் உண்டு; மடக்கினால் இல்லை. 13 வேண்டுமா? எட்டும் நான்கும் ஒன்றும் கை நீட்ட, மற்றவை மடங்கும். இவ்வைந்து பிள்ளைகளைக் கொண்டே பூஜ்யம் முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடலாம். 'உண்டு, இல்லை' என்னும் இரண்டே சொற்களால் கணினி எல்லாவற்றையும் எழுதுகிறது என்ற பேருண்மையைப் பிள்ளை அரை மணி நேரத்தில் அறிந்து கொள்ளும். செலவு ஒரு காசும் இல்லை.

இதைத் தாய்மொழியிலேயே கற்பிக்கவும் தடையில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம் பெற்றன. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்னும் மொழியும் உருவாக்கப்பட்டுள்ளது. தமிழை அரபு எழுத்தில் எழுதியேனும் பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் அறிவைக் கொண்டு சேர்த்தவர்கள் நம் முன்னோர். அரபுத் தமிழின் வரலாறு சொல்வது, எழுத்து எதுவாயினும் கல்வி மக்களின் மொழியில் போக வேண்டும் என்பதே. தம் பிள்ளை ஆங்கிலம் அறிந்த பின் கணினியை அறியட்டும் என்று காத்திருப்போர் அவ்வரலாற்றை நினைவில் கொள்வாராக.

முடிவாக

மலையடிவாரத்து மக்கள் தம் பிள்ளைகளைக் காட்டுக்குள் விடுமுன், எங்கே அட்டை ஏறும், எங்கே யானை இறங்கும், எந்தப் பாதையில் தனியே போகலாகாது என்று சொல்லிக் கொடுத்த பின்னரே அனுப்புகின்றனர். காட்டை அஞ்சிப் பிள்ளையைப் பூட்டி வைத்தவரும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் அனுப்பியவரும் இல்லை. இணையமும் ஒரு காடுதான். அதில் ஏலக்காயும் உண்டு, அட்டையும் உண்டு.

ஒவ்வொரு மஹல்லாவிலும் மாலை மக்தபு நடக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் தொடக்கப் பள்ளி இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க உஸ்தாதும் ஆசிரியரும் கூடிப் பேசினால் போதும். உத்தமபாளையத்தில் 1956லேயே ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரியைக் கண்ட வட்டாரத்துக்கு இது பெரிய பாரமன்று. கருவி முந்திவிட்டது; அதைத் திருப்பி அனுப்ப இயலாது. காவலையாவது இனிப் பிந்தவிடாமல் கொண்டு போய்ச் சேர்ப்போம். வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக!